பொம்மைக்கும் மூப்பு உண்டு



பள்ளிக்கூட நாட்களில், கோடை விடுமுறை முழுவதும் திறக்கப்படாமல் கிடந்த ஜாமெட்ரிப் பெட்டியை மீண்டும் திறந்து பார்த்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அழிப்பான் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் அளவுகோலோடு ஒட்டிக் கிடக்கும். பிய்த்தெடுத்தால் அளவுகோலில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வெயில் செய்த வேலை என்று அப்போது நினைத்திருப்போம். வெப்பம் அதைத் துரிதப்படுத்தியிருக்கலாம். ஆனால் அதைச் செய்தது வெப்பம் அன்று. அழிப்பான் மென்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக அதில் எண்ணெய் போன்றதொரு பொருளைக் கலந்திருப்பார்கள். அந்தப் பொருள் மெல்ல மெல்ல வெளியே கசிந்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருந்த கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் புகுந்து, அதை இளகச் செய்துவிட்டது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைத் துப்புரவு செய்து பேணுவதைப் பற்றி. அந்தக் கலையின் தொல்லைகளில் பாதி இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது.

பிளாஸ்டிக் அழிவதில்லை என்று கேட்டுக் கேட்டு நம் காது பழகிவிட்டது. மண்ணில் எறிந்தால் மக்குவதில்லை என்பது உண்மை. ஆயினும் மக்காத பொருளுக்கும் மூப்பு உண்டு. மஞ்சளாகும், பிசுபிசுக்கும், வெடிக்கும், ஒருநாள் கையிலெடுத்தவுடன் ஒடிந்து போகும். அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் ஆதலால், சொற்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலாது. பிளாஸ்டிக்கை நாம் நெகிழி என்கிறோம். 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, அச்சொல் விளம்பரப் பலகைகளின் வழியே எங்கும் பரவிற்று. நெகிழ்வதால் நெகிழி. நல்ல சொல்தான். ஆனால் நாற்பது ஆண்டு கழிந்த ஒரு பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நெகிழ்ச்சி ஒன்றுதான் அதனிடம் இல்லாதிருக்கும்.

பம்பாயில் பழைய பொம்மைகளைப் பற்றி அறிய வேண்டுமானால் சோர் பஜாருக்குப் போங்கள் என்பார்கள். அங்கே மட்டன் தெருக் கடைகளில், பழைய கடிகாரங்களுக்கும் சினிமாச் சுவரொட்டிகளுக்கும் இடையே, சேகரிப்பவர்கள் விரும்பி வாங்கும் பொம்மைகள் கிடைக்கும்; விலையும் அதற்கேற்ப இருக்கும். நான் கற்றுக்கொண்டது வேறிடத்தில். துறைமுக ரயில் பாதையில் மான்குர்டு நிலையத்தில் இறங்கி டிராம்பே பக்கமாகப் போனால் வரும் சீத்தா கேம்ப்பில், பிளாஸ்டிக் அச்சுத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே எல்லாரும் அழைக்கிறார்கள், நானும் அப்படித்தான். பங்கார் கடைகளில் நிறுவைக்கு வாங்கிய பழைய சாமான்களிலிருந்து பொம்மைகளைப் பொறுக்கியெடுத்துச் சீராக்குவது அவருக்குப் பொழுதுபோக்கு.

சீத்தா கேம்ப் எப்படித் தோன்றியது என்பதைப் பிற மாநிலங்களில் வாழும் நம் மக்கள் பலர் அறியாதிருக்கலாம். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. அதில் தமிழர் பெருந்தொகையினர். அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக அந்த நிலம் கேட்கப்பட்டபோது, மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த ஜோக்கின் அற்புதம் அந்தப் போராட்டத்தில்தான் தலைவரானார். பின்னர் குடிசைவாசிகளின் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்று, 2018இல் மறைந்தவர் அவரே. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டு மே மாதம், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 70,000 பேர் தாணே கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். அந்த இடந்தான் சீத்தா கேம்ப். ஒரு வீட்டுச் சாமான்களை அவசரமாக மூட்டை கட்டும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி எழும். பித்தளைப் பாத்திரம் வரும். ரேஷன் அட்டை வரும். பொம்மை வருவது அபூர்வம். வந்த ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், கையிலிருப்பது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். மனிதர் எல்லாரும் மனிதரே என்றாலும் ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து இன்னொருவருக்கு நஞ்சாகலாம் அல்லவா? தாராவியில் 13ஆம் கம்பவுண்டு என்று வழங்கும் பகுதியில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, நொறுக்கி, கழுவி, கூரைகளில் உலர்த்தி, உருக்கி மணிகளாக்கும் தொழில் நடைபெறுகிறது. அங்கே தரம் பிரிப்பவர்கள் ஒரு துண்டை ஒடித்துப் பார்ப்பார்கள். தட்டி ஓசை கேட்பார்கள். தீயில் காட்டி நாற்றத்தை முகர்வார்கள். இந்தக் கடைசி முறை வீட்டில் கூடவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை வரும். நீரில் போட்டுப் பார்ப்பது தீங்கற்ற முறை. பாலித்தீனும் பாலிபுரோப்பிலினும் நீரில் மிதக்கும். பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ்., பி.வி.சி. மூன்றும் அமிழும். நீரில் உப்பைக் கரையும் மட்டும் கரைத்துவிட்டால் பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும் மேலே வந்துவிடும், பி.வி.சி. பெரும்பாலும் அடியிலேயே கிடக்கும். ஆனால் உள்ளே காற்றடைந்த பொம்மையை முழுதாகப் போட்டுப் பார்த்துப் பயனில்லை. எதனால் செய்ததாயினும் அது மிதக்கத்தான் செய்யும். உடைந்து விழுந்த துணுக்கு ஏதேனும் இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

மிகப் பழைய பொம்மைகளில் செல்லுலாய்டு என்றொரு இனம் உண்டு. இதைக் கண்டுகொள்வதில் தமிழருடைய மூக்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டென்பது என் கருத்து. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் 1870இல் காப்புரிமை பெற்ற இப்பொருள், பஞ்சை நைட்ரிக் அமிலத்தால் பக்குவம் செய்து, அதனோடு கற்பூரத்தைச் சேர்த்து ஆக்கியது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்த பொம்மைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் சென்றன. பெருவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தால் சூடத்தின் வாசனை வரும். சூடத்தோடு உடன்பிறந்த குணமும் அதற்கு உண்டு: நொடியில் பற்றிக்கொள்ளும். பாட்டி காலத்துப் பொம்மை என்று அதைக் கொலுப்படியில் விளக்குக்கு அருகே வைப்போரும் இருக்கக்கூடும், சொல்லித் தடுத்துவிடுங்கள். சூட வாசனைக்குப் பதில் காடி நெடி வந்தால் அது செல்லுலோஸ் அசிடேட். லெகோ கட்டைகள்கூட 1963க்கு முன் அப்பொருளால் ஆனவையே. அவ்வாண்டு முதல்தான் ஏ.பி.எஸ்.ஸுக்கு மாறினார்கள். காடி நெடி வீசும் பொம்மை அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றோடு சேர்த்து வைத்தல் ஆகாது. அந்த ஆவி பக்கத்திலுள்ளதையும் கெடுக்கும்.

கழுவுவதைப் பற்றி அண்ணாச்சி அதிகம் பேசுவதில்லை. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு, குழந்தைகளுக்குரிய மென்மையான பல்துலக்கும் பிரஷ், பருத்தித் துணி, இவ்வளவே. ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; கண் திறந்து மூடும் பொம்மையின் தலைக்குள் நீர் புகவிடக் கூடாது; உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பி துருவேறினால் கண் பிறகு அசையாது. கழுவியபின் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட உலர்த்துவது நலம். அவசரக்காரர்கள் செய்வது வேறு. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை எடுப்பார்கள். அது பாலிஸ்டைரீனையும் ஏ.பி.எஸ்.ஸையும் கரைத்துவிடும். தின்னர், பெட்ரோல் இவையும் அப்படியே. பாத்திரம் தேய்க்கும் நாரால் ஒருமுறை தேய்த்தால் பளபளப்பு என்றென்றைக்குமாகப் போய்விடும். ஒரு பொம்மையை ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடலாம் என்று வந்த ஓர் இளைஞரிடம் அண்ணாச்சி, "தம்பி, இதுக்கு அழுக்கு ஏற முப்பது வருசம் ஆயிருக்கு, இறங்க மூணு நாளாவது கொடும்" என்றார்.

மஞ்சளாகிவிட்ட வெள்ளைப் பொம்மையே பலரையும் வருத்துவது. ஏ.பி.எஸ்.ஸில் ரப்பர் போன்ற ஒரு பகுதி உண்டு. ஒளியும் காற்றிலுள்ள உயிர்வாயுவும் சேர்ந்து அதை மாற்றும்போது மஞ்சள் நிறம் உண்டாகிறது. இது மேலே படிந்த அழுக்கு அன்று; ஆகவே எத்தனை கழுவினாலும் போகாது. பழைய கணினிப் பெட்டிகளைச் சேகரிக்கும் மேல்நாட்டு ஆர்வலர்கள் 2008ஆம் ஆண்டுவாக்கில் இதற்கு ஒரு முறையைப் பரப்பினார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி, உலராதபடி மெல்லிய தாளால் மூடி, வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ சில மணி நேரம் வைத்தால் நிறம் வெளுக்கும். நம் மருந்துக் கடைகளில் 20 வால்யூம் என்று விற்பது 6 விழுக்காட்டுக் கரைசல். அழகு நிலையங்களில் பயன்படும் 40 வால்யூம் என்பது 12 விழுக்காடு. பின்னது தோலைச் சுடும்; கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தால் வாயு பெருகிப் பாத்திரமே வெடிக்கும். பம்பாய் வெயிலில் மொட்டைமாடியில் வைக்கும்போது ஒரு பக்கம் உலர்ந்து ஒரு பக்கம் ஈரமாயிருந்தால் வரிவரியாகத் திட்டுக்கள் விழும். அதைப் பிறகு எவராலும் மாற்ற இயலாது.

இவ்வளவு பாடுபட்டு வெளுத்தபின்னும் மஞ்சள் திரும்பி வருவதுண்டு. பெராக்சைடு மேற்பரப்பைச் சற்று நலியச் செய்யக்கூடும் என்ற ஐயமும் இருக்கிறது. அருங்காட்சியகத்தார் இம்முறையைக் கைக்கொள்ளத் தயங்குவது இதனால்தான். ஐரோப்பிய நாடுகளின் நிபுணர்கள் கூடி, 2008 முதல் 2012 வரை, அருங்காட்சியகங்களிலுள்ள பிளாஸ்டிக் பொருள்களைப் பேணுவது எப்படி என்று ஆராய்ந்தார்கள். ஒரு பஞ்சால் எப்படித் துடைப்பது என்பதையே பக்கம் பக்கமாக ஆராய வேண்டியிருக்கிறது என்றால், இத்துறை எவ்வளவு இளையது என்பது விளங்கும். கல்லையும் செம்பையும் பேணுவதற்கு மனிதனுக்கு நூற்றாண்டுகளின் பழக்கம் இருக்கிறது. பிளாஸ்டிக்கைப் பேணுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆங்கிலத்தில் ரெஸ்டோரேஷன் என்றும் கன்சர்வேஷன் என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. அலுவலகக் கோப்புகளில் இரண்டுக்கும் பாதுகாப்பு என்று எழுதி நாங்கள் தப்பித்துக்கொள்வதுண்டு. ஆனால் முன்னது, புதிதாக இருந்த நாளுக்குப் பொருளைத் திருப்பிக் கொண்டு செல்ல முயல்வது; அதைப் புதுக்குதல் எனலாம். பின்னது, இன்றுள்ள நிலையிலிருந்து மேலும் கெடாமல் நிறுத்துவது. அதற்குப் பேணுதல் என்ற சொல் பொருந்தும். கொலுப் பொம்மைக்கு நம் வீடுகளில் செய்வது புதுக்குதல். மாதுங்காவில் புரட்டாசி பிறந்தால், வண்ணம் மங்கிய செட்டியார் பொம்மைக்குப் புது வேட்டியும் புது மீசையும் தீட்டிவிடுவோம். அதில் தவறு காண்பார் எவருமிலர். கொலுவின் கீழே குழந்தைகள் அமைக்கும் பூங்காவில் நிற்கிற பிளாஸ்டிக் கார்களுக்கும் மிருகங்களுக்கும் அதையே செய்யலாமா என்றால், நான் வேண்டாமென்பேன். மண்பொம்மை, ஆண்டுதோறும் வண்ணம் பூசுவதற்கென்றே பிறந்தது. அச்சிலிருந்து வந்த பொம்மைக்கு அதன் நிறமே உடம்பு.

இனி, ஜனதா காலனியிலிருந்து வந்த பொம்மை. சென்ற ஆண்டு, எழுபது வயதைக் கடந்த ஓர் ஆச்சியும் அவருடைய பேத்தியும் அதை அண்ணாச்சியிடம் கொண்டுவந்தார்கள். நானும் அங்கு இருந்தேன். ஒரு சாண் உயரப் பெண் பொம்மை. உள்ளே கூடான மெல்லிய கெட்டிப் பிளாஸ்டிக். கைகால்களை உள்ளிருந்து ஒரு ரப்பர் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும் வகை. கயிறு இற்றுப்போய்க் கைகால்கள் தனித்தனியே ஒரு துணிப்பையில் கிடந்தன. முதுகில் நீல மையால் ஒரு எண் எழுதியிருந்தது. அது ஜனதா காலனியில் அவர்கள் இருந்த வீட்டின் எண். இடம் பெயரும் குழப்பத்தில் சாமான் தவறிப் போகாதிருக்க, ஆச்சியின் கணவர் வீட்டிலிருந்த பொருள் ஒவ்வொன்றிலும் அந்த எண்ணை எழுதினாராம். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மற்றச் சாமான்கள் எல்லாம் தேய்ந்தும் விற்றும் போய்விட்டன.

பேத்திக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. அக்குழந்தைக்கு விளையாடக் கொடுக்க வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. "நல்லா வெளுப்பா துடைச்சிக் கொடுங்க, முதுகுல இருக்கிற கிறுக்கலையும் எடுத்திருங்க" என்றார். எண்ணை எடுக்கக் கூடாது என்று பேத்தி தடுத்தார். ஆச்சி விடவில்லை. "இல்லாத வீட்டுக்கு நம்பர் எதுக்குளா?" என்று கேட்டார். அதற்கு மறுமொழி சொல்ல அங்கிருந்த எவர்க்கும் வாய் எழவில்லை. வரலாற்று நோக்கில் பார்க்கும் என்போன்றோருக்கு அந்த எண் அருமையானது. அந்த வரலாற்றில் வாழ்ந்தவருக்கு அது வேறாக இருப்பதை நாம் குறைசொல்ல முடியாது.

மையை எடுப்பது அரிதன்று. கெட்டிப் பிளாஸ்டிக்கின் மேலுள்ள மை, சிறிது ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்கே பெரும்பாலும் வந்துவிடும். மென்மையான வினைல் பொம்மையாக இருந்தால் மை உள்ளே ஊறியிருக்கும். அதற்கு முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி வெளிச்சத்தில் வைத்துப் பலநாள் காத்திருப்பார்கள். அண்ணாச்சி பொம்மையை முழுதும் கழுவினார். முகத்தில் படிந்த புகையைப் பஞ்சு நுனியால் அங்குலம் அங்குலமாக எடுத்தார். தையற்காரர் பயன்படுத்தும் உருண்டை எலாஸ்டிக்கை அளவாக வெட்டி, கம்பிக் கொக்கிகளில் மாட்டி, கைகால்களைச் சேர்த்தார். எலாஸ்டிக்கை மிக இறுக்கினால் பழைய ஓடு தோள்பட்டையில் வெடித்துவிடும். தளர்ந்தால் பொம்மை நிற்காது. அரைமணி நேரம் அவர் அதிலேயே செலவிட்டார். முதுகை மட்டும் வெறும் நீரால் ஒற்றியெடுத்து விட்டுவிட்டார். "இதை என்னைக்கு வேணும்னாலும் அஞ்சு நிமிசத்துல எடுத்திரலாம் ஆச்சி. எடுத்தா, அதே கையெழுத்துல திரும்ப எழுதுறதுக்கு நமக்கு ஆள் கிடையாது. வீட்டுல பேசிக்கிட்டு வாங்க" என்று சொல்லிப் பொம்மையைக் கொடுத்தார். ஆச்சி கூலி என்ன என்று கேட்டார். முதுகு இன்னும் முடியவில்லை, முடிந்தபின் வாங்கிக்கொள்கிறேன் என்றார். இதுவரை அவர்கள் திரும்ப வரவில்லை.

ஆனால் குழந்தைக்குக் கொடுப்பது பற்றி அவர் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை கையில் அகப்பட்டதை வாயில் வைக்கும். பழைய பொம்மைகளின் சாயத்தில் ஈயமும் காட்மியமும் இருந்த காலம் உண்டு. மஞ்சளும் சிவப்பும் மிக அழுத்தமாக இருந்தால் ஐயுறத்தான் வேண்டும். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஒருவர், வீடுகளிலும் மழலையர் பள்ளிகளிலும் பழம்பொருள் கடைகளிலும் கிடைத்த 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார். ஈயம், காட்மியம், குரோமியம், புரோமின் முதலியவை பலவற்றில் மிகுதியாக இருந்தன. நம் நாட்டில் பொம்மைகளுக்கு இந்தியத் தர அமைவனத்தின் முத்திரை கட்டாயமானது 2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்துதான். அதற்கு முந்தியவை எந்தச் சோதனையைத் தாண்டி வந்தன என்பதற்கு உறுதி ஏதுமில்லை. சோப்பு அழுக்கை எடுக்கும். பிளாஸ்டிக்குக்குள்ளேயே கலந்திருக்கும் ஈயத்தை எடுக்காது. ஆகையால் அண்ணாச்சி பேத்தியைத் தனியே அழைத்து, "இது ஷோகேசுல இருக்கட்டும் தாயி, பிள்ளைக்கு முத்திரை போட்ட புதுசு ஒண்ணு வாங்கிக் கொடு" என்றார். பழைய வண்ணப்பூச்சை உப்புக் காகிதத்தால் தேய்ப்பதையும் அவர் ஒப்புவதில்லை. அந்தத் தூசி, தேய்ப்பவர் நெஞ்சுக்குள் போகும். பத்துக்குப் பதினைந்து அடி வீட்டில் அது குழந்தையின் பாய் வரைக்கும் போகும்.

மென்மையான வினைல் பொம்மைகளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். இவை பி.வி.சி.யோடு இளக்கும் பொருள் கலந்து செய்தவை. தொடக்கத்தில் சொன்ன அழிப்பானும் இந்தச் சாதியே. வயதானபின் அந்த இளக்கி வெளியே வந்து உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். தூசியெல்லாம் அதில் ஒட்டும். சோப்பு நீரால் மென்மையாகத் துடைத்து உலர்த்தலாம். சில மாதங்களில் மீண்டும் கசியும். மீண்டும் துடைக்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டுவது கூடாது. கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மையோடு ஒட்டி வைப்பதும் கூடாது. காரின் மென்மையான சக்கரம் அதன் கெட்டியான அடித்தட்டை அரித்திருப்பதைச் சேகரிப்பவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். நடுவே ஒரு வெள்ளைப் பருத்தித் துணி போதும். 1959இல் அமெரிக்காவில் அறிமுகமான பார்பி பொம்மையின் தொடக்ககாலப் பிரதிகளுக்குக் காதில் பச்சை படரும் ஒரு நோய் உண்டு. உலோகத் தோட்டிலுள்ள செம்பு களிம்பேறி வினைலுக்குள் ஊறுவதே காரணம். நம் வீட்டு மூதாட்டிகள் பித்தளைத் தோட்டின் பச்சைக் கறையைக் காது மடலில் கண்டவர்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டைக் கழற்றிவிட்டால் நோய் மேலும் பரவாமல் நிற்கும்.

நைலான் கூந்தல் சிக்குப் பிடித்திருந்தால், சோப்பு நீரில் ஊறவைத்து, நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வார வேண்டும். வளைந்து போன கையையும் வாளையும் சில நொடி வெந்நீரில் முக்கி நேராக்கி உடனே குளிர்ந்த நீரில் விட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். மிகப் பழையதில் இதைச் செய்யாதீர்கள்.

சேகரிப்போர் உலகில் இந்தியப் பொம்மைகளுக்கு ஒரு மதிப்பு இருப்பதையும் குறிப்பிடுகிறேன். 1946ஆம் ஆண்டில் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கிய தொழில், பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்ற டயர் நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவோடு கூடி ஃபன்ஸ்கூல் என்ற பொம்மை நிறுவனத்தை உண்டாக்கிற்று. அமெரிக்க அச்சுகளைக் கொண்டு இங்கே வார்த்த ஜி.ஐ. ஜோ வீரர்கள், அங்கில்லாத நிறச் சேர்க்கைகளில் வந்தார்கள். அதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடுகிறார்கள். அந்த வீரர்களின் உடலுக்குள் இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சிறு ரப்பர் வளையம். ரப்பர்த் தொழிலில் பிறந்த குடும்பத்துப் பொம்மைக்கு முதலில் இற்றுப்போவது ரப்பராக இருப்பது ஒரு வேடிக்கை. முதுகிலுள்ள ஒற்றைத் திருகாணியைக் கழற்றிப் புது வளையம் மாட்டினால் வீரன் எழுந்து நிற்பான். திருகாணி துருவேறியிருந்தால் பலாத்காரம் செய்யாமல், ஒரு துளி எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருங்கள். சீத்தா கேம்ப் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்றால் துரு விரைவில் ஏறுகிறது.

டில்லியில் வாழும் நேயர்கள், பகதூர் ஷா சஃபர் மார்க்கிலுள்ள சங்கரின் சர்வதேசப் பொம்மைகள் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை ஒருமுறை அழைத்துச் செல்லலாம். கார்ட்டூன் சித்திரக்காரர் சங்கர் பிள்ளை நிறுவிய அது 1965ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பொம்மைகளுக்கும் வயதாவது எப்படி என்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூஞ்சை பிடிக்குமென்று பொம்மைப் பெட்டியில் அந்துருண்டை போடுவது நம் பழக்கம். பட்டுப் புடவைக்கு ஏற்கும் அது பிளாஸ்டிக்குக்கு ஏற்காது. அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். இரும்பு பீரோவில், வெயில் படாத சுவரோரம், துணியில் பொதிந்து வைத்து, மழை ஓய்ந்த நாட்களில் திறந்து காற்றாட விடுங்கள். அடுப்பங்கரை அலமாரி வேண்டாம்.

பாட்டரியால் ஓடும் பொம்மைகளில் மற்றொரு தொல்லை. கழற்றாமல் விட்ட செல் கசிந்து, தகடுகளைத் தின்றுவிடும். சாதாரண செல்லின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாக் கரைசலைப் பஞ்சால் தொட்டுத் துடைக்க வேண்டும். ஆல்கலைன் செல்லில் வெண்மையாகப் பூப்பது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறோ காடியோ போதும். எது எதற்கு என்று மாறிவிடாதிருக்க, கழற்றிய செல்லின் மேலுள்ள எழுத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கையில் உறை இருக்கட்டும். துடைத்தபின் சிறிது நீரால் ஒற்றி, நன்றாக உலர்ந்தபின்னரே புது செல் போட வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் பயணப்படும் குடும்பங்கள், காஸ் உருளையை மூடினோமா, ஜன்னலைத் தாழிட்டோமா என்று பார்க்கும்போதே, பிள்ளைகளின் ரயிலிலும் ரோபோவிலும் உள்ள செல்களையும் கழற்றி எடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.